நோயில் கிடந்தாலும் அடுப்பு எரிய வேண்டும்
ஜேர்மனியில் நோய்க்காலச் சம்பளம்: நமது உறவினருக்கும் நமக்கும் ஒரு விளக்கம்

நமது நாட்டில் அரச வைத்தியசாலைக்குப் போனால் வைத்தியருக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. சத்திரசிகிச்சை செய்தாலும் பணம் கேட்கமாட்டார்கள். இது சிறிய விடயம் அல்ல. ஆனால் வயலுக்கும் தோட்டத்துக்கும் கூலிக்குப் போகும் ஒருவர் மூன்று கிழமை கட்டிலில் கிடந்தால், அந்த மூன்று கிழமைக் கூலியை யார் தருவது?

நோய் ஒரு குடும்பத்துக்கு இரண்டு சுமைகளைக் கொண்டு வருகிறது. ஒன்று, நோயைக் குணப்படுத்தும் செலவு. மற்றது, உழைப்பு நின்றுபோவதால் வரும் இழப்பு. முதலாவதை நாம் கணக்கில் எடுக்கிறோம். இரண்டாவதை எடுப்பதில்லை. ஆனால் சங்கிலி அடைவுக்குப் போவதும், விதைநெல் விலைப்படுவதும், மூத்த பிள்ளை பாடசாலையை விட்டு நிற்பதும் பெரும்பாலும் இந்த இரண்டாவது சுமையினால்தான்.

சொந்தக் காணியில் இருந்த காலத்தில் இந்தச் சுமை சற்றுக் குறைவாக இருந்தது. வீட்டில் நெல் இருந்தது. ஒருவர் காய்ச்சலில் படுத்தால் பக்கத்து வயற்காரர் தண்ணீர் மாறிவிடுவார். மாட்டைச் சகோதரன் பார்த்துக்கொள்வான். இடம்பெயர்ந்து, பிறர் காணியில் நாட்கூலிக்கு நிற்கும் குடும்பத்துக்கு இவை ஒன்றும் இல்லை. அன்றைய கூலிதான் அன்றைய அரிசி.

இந்த இரண்டாவது சுமையைச் சட்டத்தினால் பங்கிட்டுக்கொண்ட நாடுகள் உண்டு. அவற்றுள் ஜேர்மனியைப் பற்றி இங்கு பேசுகிறோம். அதற்குக் காரணம் இருக்கிறது. 1980களிலிருந்து நமது ஊர்களைச் சேர்ந்த பலர் அங்கு போய் உணவகங்களிலும் தொழிற்சாலைகளிலும் துப்புரவு வேலைகளிலும் உழைத்து வருகிறார்கள். அவர்கள் அனுப்பும் காசை நம்பி இங்கு பல வீடுகள் இருக்கின்றன. அவர்களில் ஒருவர் நோயுற்றால் அங்கு என்ன நடக்கிறது என்று இங்குள்ளவர்களுக்குத் தெரிவதில்லை. சில வேளைகளில் அங்கு இருப்பவருக்கே முழுவதும் தெரிவதில்லை.

பெட்டியில் போட்ட காசு

ஜேர்மனியில் சுரங்கத் தொழிலாளர் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே ஒரு பழக்கம் வைத்திருந்தார்கள். சம்பளத்தில் ஒரு சிறு காசை எல்லோரும் ஒரு பொதுப் பெட்டியில் போடுவார்கள். சுரங்கத்தில் காயப்பட்டவருக்கும் நோயுற்றவருக்கும் இறந்தவரின் மனைவி பிள்ளைகளுக்கும் அந்தப் பெட்டியிலிருந்து உதவி போகும். நமது ஊர்களில் மரண சகாய சங்கம் இயங்குவதைப் போன்றதே இது.

தொழிற்சாலைகள் பெருகியபோது இந்தச் சிறிய பெட்டிகள் போதவில்லை. 1883ஆம் ஆண்டு, பிஸ்மார்க் ஆட்சியில் இருந்தபோது, தொழிலாளர் நோய்க் காப்புறுதிச் சட்டம் நிறைவேறியது. தொழிலாளர் இயக்கம் வளர்ந்துவருவதைக் கண்டு, அவர்களை அரசின் பக்கம் இழுக்கவே பிஸ்மார்க் இதைச் செய்தார் என்பது வரலாறு. அவருடைய எண்ணம் எதுவாயினும் சட்டம் நிலைத்தது. கட்டணத்தில் மூன்றில் இரண்டு பங்கைத் தொழிலாளியும் ஒரு பங்கை முதலாளியும் கட்டினார்கள். நோயுற்றவருக்குச் சம்பளத்தில் பாதி, 13 கிழமைகள் வரை கிடைத்தது. கமத்தொழிலாளருக்கு இந்த உரிமை உடனே வரவில்லை. 1911இல் வந்த சட்டமே அவர்களையும் நாடு முழுவதும் உள்ளே சேர்த்தது. எங்கும் போல அங்கும் கமத்தில் உழைப்பவன்தான் கடைசியாக நினைக்கப்பட்டான்.

இருந்தும் ஒரு வேறுபாடு நீண்டகாலம் நிலைத்தது. அலுவலகத்தில் எழுதும் ஊழியர் நோயுற்றால் ஆறு கிழமைக்கு முழுச் சம்பளம் பெற்றார். கையால் உழைக்கும் தொழிலாளிக்கு முதல் சில நாட்களுக்கு ஒன்றுமே இல்லை; பின்னர் கிடைத்ததும் சம்பளத்தின் ஒரு பகுதிதான். இதை மாற்றக் கோரி, 1956 ஒக்டோபர் 24ஆம் திகதி, வடக்கே ஷ்லெஸ்விக்-ஹொல்ஸ்டைன் மாநிலத்தில் கப்பல் கட்டும் தளங்களின் தொழிலாளரும் ஏனைய உலோகத் தொழிலாளரும் வேலைநிறுத்தம் தொடங்கினர். 34,000 பேர் வரை அதில் நின்றார்கள். குளிர்காலம் முழுவதும் நீடித்து, 1957 பெப்ரவரி நடுப்பகுதியில்தான் அது முடிந்தது. அவர்கள் பெரிதாகக் கூலி உயர்வு கேட்டு நிற்கவில்லை. நோயில் கிடக்கும் நாளிலும் மனிதனாக நடத்துங்கள் என்றே கேட்டார்கள். அதே ஆண்டு பாராளுமன்றம் நிலைமையை ஓரளவு சீராக்கியது. 1970 ஜனவரி முதல் தொழிலாளிக்கும் எழுத்தருக்கும் ஒரே உரிமை என்றாயிற்று.

கிடைத்த உரிமை கையைவிட்டுப் போகவும் பார்த்தது. 1996 ஒக்டோபரில் நோய்க்காலச் சம்பளத்தை 80 வீதமாகக் குறைக்கும் சட்டம் நடைமுறைக்கு வந்தது. தொழிற்சங்கங்கள் எதிர்த்து நின்றன. 1999 ஜனவரியில் அது மீண்டும் 100 வீதமானது.

முதல் ஆறு கிழமை

இன்றைய ஒழுங்கு இதுதான். ஒருவர் ஓரிடத்தில் வேலைக்குச் சேர்ந்து இடைவிடாமல் நான்கு கிழமைகள் முடித்திருந்தால், நோயுற்று வேலை செய்ய முடியாத காலத்தில் முதல் ஆறு கிழமைகளுக்கு வேலை கொடுப்பவரே முழுச் சம்பளத்தையும் தரவேண்டும். சேர்ந்து நான்கு கிழமை ஆகாதவருக்கு, அந்த இடைக்காலத்தில் பொதுநோய்க் காப்புறுதி நிதியம் பணம் தரும். இந்த நிதியத்தைத்தான் அங்குள்ள நம்மவர் கிராங்கன்காசே என்கிறார்கள்.

சிறிய உணவகம் வைத்திருப்பவர் ஆறு கிழமைச் சம்பளத்தைச் சும்மா எப்படிக் கொடுப்பார் என்று கேட்கலாம். அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். 30 பேருக்கு மேற்படாத ஊழியரை வைத்திருப்போர் எல்லோரும் ஒரு பொதுநிதிக்குக் கட்டுகிறார்கள். ஊழியர் நோயுற்றால் கொடுத்த சம்பளத்தின் ஒரு பகுதி அந்த நிதியிலிருந்து அவர்களுக்குத் திரும்பக் கிடைக்கிறது. சுமை ஒருவர் தலையில் விழாமல் பலர் தலையில் பரவுகிறது.

ஒரே நோய் திரும்பத் திரும்ப வந்தால் ஒவ்வொரு முறையும் புதிதாக ஆறு கிழமை கிடைக்காது. அந்த நோயினால் ஆறு மாதம் வேலை தடைப்படாமல் இருந்திருக்க வேண்டும். அல்லது முதல் முறை நோயுற்ற நாளிலிருந்து பன்னிரண்டு மாதம் சென்றிருக்க வேண்டும். வேறு நோய் என்றால், முந்திய நோய் குணமான பின் வந்திருந்தால், புதிய ஆறு கிழமை தொடங்கும்.

ஏழாம் கிழமையிலிருந்து

ஆறு கிழமைக்குப் பின்னும் குணமாகாவிட்டால் நிதியம் பணம் தரத் தொடங்கும். இதன் பெயர் கிராங்கன்கெல்ட். நோய்க்காசு என்று நாம் சொல்லலாம். ஒரே நோய்க்கு மூன்று ஆண்டுகளுக்குள் மொத்தம் 78 கிழமைகள் என்பது எல்லை. முதலாளி சம்பளம் தந்த ஆறு கிழமையும் இந்த 78க்குள் அடங்கும். ஆகவே நிதியம் பணம் தருவது பெரும்பாலும் 72 கிழமைகள். இடையில் இன்னொரு நோய் சேர்ந்தாலும் எல்லை நீளாது.

நோய்க்காசு முழுச் சம்பளம் அல்ல. கழிவுகளுக்கு முந்திய சம்பளத்தில் 70 வீதம். ஆனால் கைக்கு வரும் சம்பளத்தின் 90 வீதத்துக்கு மேற்படக்கூடாது. ஓர் உதாரணம் பார்ப்போம். ஒருவருடைய மாதச் சம்பளம் 2,400 யூரோ. கழிவுகள் போகக் கைக்கு வருவது 1,700 யூரோ என்று வைப்போம். 2,400இல் 70 வீதம் 1,680. 1,700இல் 90 வீதம் 1,530. இரண்டில் குறைந்தது 1,530. இதிலிருந்தும் ஓய்வூதியம், வேலையின்மை, பராமரிப்பு ஆகிய காப்புறுதிகளுக்கு ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு கழியும். கடைசியில் கையில் நிற்பது சுமார் 1,340 யூரோ.

1,700 பெற்றவர் 1,340 பெறுகிறார். மாதம் 360 யூரோ குறைகிறது. அங்கு வீட்டு வாடகை குறையாது. மின்சாரக் கட்டணம் குறையாது. பிள்ளைகளின் செலவு குறையாது. குறையக்கூடியது ஒன்றுதான்: ஊருக்கு அனுப்பும் காசு.

இதை நாம் இங்கு விளங்கிக்கொள்ள வேண்டும். மாதாமாதம் வந்த காசு வராமல் நின்றால், 'அங்கு போய் எங்களை மறந்துவிட்டான்' என்று சொல்கிறோம். நோய் என்று தெரிந்தாலும், 'கொஞ்சம் சுகமென்றால் வேலைக்குப் போகலாம்தானே தம்பி' என்று தொலைபேசியில் கேட்கிறோம். அந்தச் சொல்லைத் தாங்க முடியாமல் முதுகெலும்பு நோவோடும் நெஞ்சு நோவோடும் வேலைக்குத் திரும்புபவர்கள் உண்டு. பாதியில் குணமான நோய் முழுதாகத் திரும்பினால், பின்னர் இழப்பது ஒரு மாதக் காசு அல்ல; உழைக்கும் வலிமையையே.

படிப்படியாக வேலைக்குத் திரும்பவும் அங்கு வழி உண்டு. வைத்தியரின் ஆலோசனைப்படி முதலில் நாளுக்கு இரண்டு மூன்று மணித்தியாலம், பின்னர் நான்கு, ஐந்து என்று கூட்டிக்கொண்டு போகலாம். அந்தக் காலத்திலும் நோய்க்காசு தொடர்ந்து கிடைக்கும்.

துண்டு ஒருநாள் பிந்தினால்

உரிமை சட்டத்தில் இருந்தாலும் கடதாசியில் தவறினால் கையில் கிடைக்காது. அங்குள்ள உறவினருக்கு நாம் சொல்லக்கூடிய முக்கியமான விடயங்கள் இவை:

நோயுற்றவுடன், அன்றைக்கே, வேலைத்தலத்துக்கு அறிவிக்க வேண்டும். மூன்று நாட்களுக்கு மேல் நீடித்தால் வைத்தியர் எழுதும் வேலை செய்ய இயலாமைச் சான்று வேண்டும். முதலாளி விரும்பினால் முதல் நாளே கேட்கலாம். 2023 ஜனவரியிலிருந்து பொதுக் காப்புறுதியில் உள்ளவர்களின் சான்றை வைத்தியர் கணினி மூலம் நிதியத்துக்கு அனுப்ப, முதலாளி அங்கிருந்து பெற்றுக்கொள்கிறார். ஆனால் வைத்தியரிடம் போவதும், வேலைத்தலத்துக்குச் சொல்வதும் இன்னும் நோயாளியின் கடமையே.

சான்றில் குறித்த நாள் முடிந்தும் குணமாகாவிட்டால், மிகப் பிந்தினாலும் அடுத்த வேலைநாளிலேயே வைத்தியரிடம் போய்ப் புதிய சான்று பெற வேண்டும். வெள்ளியுடன் சான்று முடிந்தால் திங்களன்று போனால் போதும். செவ்வாய் வரை விட்டால் இடைப்பட்ட நாட்களுக்கான நோய்க்காசு போய்விடும். வேலை ஒப்பந்தம் முடிந்து நோய்க்காசில் மட்டும் இருப்பவர் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். நீண்ட நாள் பிந்தினால் உரிமை முழுவதுமே அறுந்துபோகலாம்.

நிதியத்திலிருந்து வரும் கடிதத்தைத் திறக்காமல் வைக்கக்கூடாது. மொழி விளங்காவிட்டால் விளங்கிய ஒருவரிடம் காட்ட வேண்டும். சில கடிதங்களில் நாட்கெடு இருக்கும். புனர்வாழ்வுச் சிகிச்சைக்குப் பத்துக் கிழமைக்குள் விண்ணப்பிக்கும்படி நிதியம் கேட்கலாம். அதைத் தவறவிட்டால் நோய்க்காசு நிற்கும்.

'என்ன நோய் என்று முதலாளிக்குத் தெரிந்தால் வேலை போய்விடும்' என்று சிலர் அஞ்சுகிறார்கள். முதலாளிக்குப் போகும் சான்றில் நோயின் பெயர் இருக்காது. எத்தனை நாள் வேலை செய்ய இயலாது என்பதே இருக்கும். நோயைக் காரணமாகக் காட்டி வேலையிலிருந்து நிறுத்தினாலும் அந்த ஆறு கிழமைச் சம்பள உரிமை அழியாது.

ஊருக்கு வந்த இடத்தில்

கோயில் திருவிழாவுக்கோ திருமணத்துக்கோ விடுமுறையில் வந்தவர் இங்கு நோயுறுவது புதிதல்ல. அப்போது அவர் வேலைத்தலத்துக்கு மிக விரைவான வழியில் மூன்று விடயங்களை அறிவிக்க வேண்டும்: வேலை செய்ய இயலாது என்பது, எத்தனை நாள் என்பது, இங்கு தங்கியிருக்கும் விலாசம். நிதியத்துக்கும் அறிவிக்க வேண்டும். இங்குள்ள வைத்தியரிடம் பெறும் சான்றில் 'காய்ச்சல்' என்று நோயை மட்டும் எழுதினால் போதாது. 'வேலை செய்ய இயலாத நிலையில் இருக்கிறார்' என்று திகதிகளுடன் எழுதியிருக்க வேண்டும். சரியாகச் செய்தால் அந்த நாட்கள் விடுமுறைக் கணக்கில் கழியாது.

அங்கு நோய்க்காசில் இருப்பவர் தாயின் மரணச் சடங்குக்காக இங்கு வர விரும்பினால், பயணச்சீட்டு எடுக்குமுன் நிதியத்தின் சம்மதத்தை எழுத்தில் பெற வேண்டும். சம்மதமின்றி வந்தால் இங்கு நிற்கும் நாட்களுக்கு நோய்க்காசு நிறுத்தப்படும்.

யாருக்குக் கிடைக்காது

எல்லோருக்கும் இந்தப் பாதுகாப்பு ஒரே அளவாக இல்லை. சிறுவேலை என்று அங்கு ஒரு வகை உண்டு. 2025இல் மாதம் 556 யூரோ வரை உழைத்தால் அது சிறுவேலை. அதைச் செய்பவருக்கும் முதலாளி ஆறு கிழமை சம்பளம் தரவேண்டும். இது பலருக்குத் தெரியாது. ஆனால் அந்த வேலையினால் ஏழாம் கிழமையிலிருந்து நோய்க்காசு கிடைக்காது. சொந்தமாகக் கடை வைத்திருப்பவர், பொதுக் காப்புறுதியில் இருந்தாலும், நோய்க்காசுக்கென்று விசேடமாக எழுதிக் கொடுத்துக் கூடுதல் கட்டணம் கட்டினால்தான் அது உண்டு. பதியாமல் கையில் காசு வாங்கி வேலை செய்பவர் நோயுற்றால், தான் வேலை செய்ததையே நிரூபிக்க முடியாமல் நிற்பார். இன்று கூடுதலாகக் கிடைக்கும் நூறு யூரோ நாளைக்கு எவ்வளவு பெரிய கடனாகும் என்பதை நோய் வந்த பின்னரே அவர் உணர்கிறார்.

கமக்காரனுக்குக் காசு அல்ல, ஆள்

நமக்கு மிகவும் நெருக்கமான ஒரு விடயம் இது. ஜேர்மனியில் சொந்தமாகக் கமம் செய்பவர்களுக்கென 1972இல் தனியான நோய்க் காப்புறுதி தொடங்கப்பட்டது. அதில் பொதுவாகக் கமக்காரருக்கு நோய்க்காசு இல்லை. ஏனெனில், பால் கறக்க வேண்டிய மாட்டுக்குக் காசைக் காட்டி என்ன பயன்? அறுவடைக்கு நிற்கும் கதிர் வைத்தியசாலையில் இருப்பவருக்காகக் காத்திருக்குமா? ஆகவே காசுக்குப் பதிலாக ஆளை அனுப்புகிறார்கள். கமக்காரர் வைத்தியசாலையில் கிடக்கும்போது, கமத்தைப் பார்க்க வேறு ஆள் இல்லையென்றால், வேலை தெரிந்த ஓர் உதவியாளர் வந்து மாடு, இயந்திரம், பயிர் எல்லாவற்றையும் பார்க்கிறார். வழமையாக மூன்று மாதம் வரை இந்த உதவி உண்டு. வீட்டு வேலைக்கும் இப்படி ஆள் வருவதுண்டு.

இத்தகைய உதவியாளர்களை ஒழுங்கு செய்வதில் கமக்காரரின் இயந்திரக் கூட்டு அமைப்புகளுக்குப் பங்கு உண்டு. அவற்றில் முதலாவது 1958இல் பவேரியாவில் புக்ஹோஃபன் என்ற ஊரில் தொடங்கியது. உழவு இயந்திரத்தைப் பங்கிட்டுக்கொள்ளச் சேர்ந்த கமக்காரர் பின்னர் உழைப்பையும் பங்கிட்டுக்கொண்டார்கள்.

நாம் செய்யக்கூடியது

ஜேர்மனியின் ஒழுங்கை நாம் இங்கு அப்படியே கொண்டுவர முடியாது. அங்கு சம்பளத்தில் 14.6 வீதமும் அதற்கு மேல் சிறு கூடுதல் தொகையும் நோய்க் காப்புறுதிக்குப் போகிறது. தொழிலாளி பாதி, முதலாளி பாதி. கட்டாயச் சட்டமும், ஒழுங்கான சம்பளமும் இல்லாமல் அது நடவாது. நாட்கூலிக்குப் போகிறவருக்கு நோய்க்காலக் கூலி தரும் பொதுக் காப்புறுதி நமது நாட்டில் இல்லை. அது வேண்டும் என்று கேட்பது நமது உரிமை.

ஆனால் அதுவரை கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. மரண சகாய சங்கம் நடத்தத் தெரிந்த ஊருக்கு நோய் சகாய நிதி நடத்தவும் முடியும். ஒருவர் இறந்தபின் கொடுக்கும் நாம், அவர் உயிரோடு கிடக்கும்போது ஏன் கொடுக்கக்கூடாது?

ஒரு கணக்குப் போடுவோம். 60 குடும்பங்கள் மாதம் 200 ரூபா வீதம் போட்டால் வருடத்துக்கு 1,44,000 ரூபா சேரும். நோயில் கிடக்கும் நாளுக்கு 1,000 ரூபா என்றால் 144 நாட்களுக்குக் கொடுக்கலாம். ஒருவருக்குப் பத்து நாள் என்று எல்லை வைத்தால் வருடத்தில் பதினான்கு பேருக்கு உதவலாம். இது முழுக்கூலி ஆகாது. ஆனால் அரிசிக்கும் வைத்தியசாலைக்குப் போகும் பஸ் காசுக்கும் போதும். சங்கிலி அடைவுக்குப் போகாமல் தடுக்கலாம்.

அவதானமும் வேண்டும். முதல் இரண்டு நாட்களுக்குக் கொடுக்காமல் விட்டால் சிறு தலையிடிக்கெல்லாம் நிதி கரையாது. வைத்தியசாலைத் துண்டு கட்டாயம் வேண்டும். கணக்குப் புத்தகம் எல்லோரும் பார்க்கும்படி இருக்க வேண்டும். டெங்கு போன்ற நோய் ஒரே நேரத்தில் பலரைத் தாக்கினால் ஓர் ஊரின் நிதி தாங்காது. ஆகவே பக்கத்து ஊர்களுடன் சேர்ந்து நடத்துவது நல்லது. காசு குறைந்தால் ஆளாக உதவலாம். ஒருவருடைய தோட்டத்துக்கு நான்கு பேர் ஒரு நாள் போய்த் தண்ணீர் இறைப்பது நாம் மறந்துபோன பழக்கம் அல்ல.

ஒன்றை மட்டும் மனதில் வைப்போம். இந்தப் பணம் பிச்சை அல்ல. அங்கு நோய்க்காசு வாங்கும் நமது உறவினர் தன் சம்பளத்திலிருந்து மாதாமாதம் கட்டியதையே வாங்குகிறார். இங்கு நாம் ஒரு நிதி தொடங்கினாலும், அதில் வாங்குபவர் தலைகுனியத் தேவையில்லை.

கலந்துரையாடுவோம்

1. கடந்த ஒரு வருடத்தில் நமது ஊரில் நோயினால் கூலி இழந்த குடும்பங்கள் எத்தனை? அந்த நாட்களை அவர்கள் எப்படிச் சமாளித்தார்கள்?

2. மரண சகாய சங்கத்தின் விதிகளில் எவற்றை நோய் சகாய நிதிக்கும் எடுக்கலாம்? எவற்றை மாற்ற வேண்டும்?

3. வீட்டில் உழைக்கும் பெண் நோயுற்றால் இழப்பை எப்படிக் கணக்கிடுவது? அவருக்கும் நிதியிலிருந்து கொடுப்போமா?

4. வெளிநாட்டிலுள்ள உறவினருடன் அடுத்த முறை பேசும்போது, காசைப் பற்றிக் கேட்குமுன் எதைக் கேட்போம்?